ஜாம்ஷெட்ஜி டாட்டாவும் தரம்ஸி ஆலையும்

ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா என்னும் பெயரைக் கேட்ட அளவில், ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையும், பெங்களூர் விஞ்ஞானக் கழகமும், பம்பாய்க் கடற்கரையில் நிற்கும் தாஜ்மஹால் ஹோட்டலும் நம்மனோர் நினைவிற்கு வருதல் இயல்பே. இவற்றுள் முதலிரண்டும் அவர் காலஞ்சென்ற பின்னரே உருப்பெற்றன என்பதைப் பலர் அறியார். அவருடைய வாழ்நாளிற் பெரும்பகுதி பஞ்சிலும் நூலிலுமே கழிந்தது. நத்தம், திண்டுக்கல், வேடசந்தூர் முதலிய இடங்களிலிருந்து வரும் நம் மாணாக்கருக்கு நூற்பாலைச் சங்கின் ஓசை புதிதன்று. அவருள் சிலருடைய தந்தையரும் தமையன்மாரும் அச்சங்கின் ஒலி கேட்டே எழுந்து வேலைக்குச் செல்பவராவர். ஆதலின் இரும்பின் கதையைப் பிறர்க்கு விடுத்து, அப்பெரியார் கெட்டுப்போன ஆலையொன்றை வாங்கிப் பட்ட பாட்டினையும், அவ்வாலையின் சரக்கு இழந்த பெயரை மீட்ட வகையினையும் நாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

டாட்டா 1839-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் நாள், குஜராத்திலுள்ள நவ்ஸாரி என்னும் ஊரில், பார்ஸிக் குருமாரின் மரபில் தோன்றினார். தலைமுறை தலைமுறையாக அக்கினியைப் போற்றி வந்த அக்குடும்பத்தில், வர்த்தகத் துறையிற் புகுந்த முதல்வர் அவருடைய தந்தையார் நசர்வான்ஜியே. தந்தையார் மைந்தரைப் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயிற்றினார். 1858-ஆம் ஆண்டு கல்வியை முடித்த டாட்டா, மறு ஆண்டிலேயே ஹாங்காங் சென்று குடும்ப வியாபாரத்தின் கிளையை நடத்தலானார். அந்நாளில் நம் நாட்டினின்று சீனத்திற்குச் சென்ற பெருஞ்சரக்குகள் பஞ்சும் அபினியுமே. கீழ்த்திசைச் சந்தையின் இயல்பினை இளமையிலேயே நேரிற் கண்டது பின்னாளில் அவருக்கு உதவிற்று.

1861-ஆம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்திற்குச் செல்வது தடைப்படவே, பம்பாய்ப் பஞ்சின் விலை மலைபோல் ஏறிற்று. நகரமே பணத்தில் மிதந்தது. 1865-இல் போர் முடிந்தது, விலை வீழ்ந்தது, நேற்றுவரை லக்ஷாதிபதிகளாயிருந்தோர் இன்று கடனாளிகளாயினர். டாட்டா குடும்பமும் அவ்வெள்ளத்திற் சிக்கியது. அச்சமயம் லண்டனிலிருந்த ஜாம்ஷெட்ஜி கடன் கொடுத்தோரிடம் உள்ள நிலையை ஒளியாது எடுத்துரைத்தார். அவர்களோ அவர்தம் நேர்மையைக் கண்டு, கணக்குத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்புவித்தனர். இஃது அவர் இருபத்தாறாம் வயதிற் பெற்ற அனுபவம்.

இனி ஆலைகளைப் பற்றிக் கூறுவோம். 1869-ஆம் ஆண்டு, பம்பாய் நகரைச் சார்ந்த சிஞ்சுபோக்ளியில், நடத்த முடியாது நின்றுபோன எண்ணெய் ஆலையொன்றை டாட்டா வாங்கி, அதனைப் பஞ்சாலையாக மாற்றி, அலெக்ஸாண்ட்ரா மில் எனப் பெயரிட்டார். அவ்வாலை நன்றாகவே ஓடிற்று. ஆயினும் இரண்டு ஆண்டுகள் கழியுமுன் அதனை நல்ல லாபத்திற்கு விற்றுவிட்டார். கெட்டதை வாங்கிச் சீர்செய்து விற்றல் வியாபாரியின் செயல்; அதிற் குற்றமில்லை. ஆனால் அவர் அந்நாளில் வியாபாரியாகவே இருந்தாரன்றி, ஆலை முதல்வராக இன்னும் ஆகவில்லை என்பது நம் கருத்து. விற்ற பின்னர் லங்காஷயருக்குச் சென்று, அந்நாட்டார் நூல் நூற்கும் முறையினைக் கற்று வந்தார்.

1874-ஆம் ஆண்டு, பதினைந்து லக்ஷம் ரூபாய் மூலதனத்துடன் மத்திய இந்திய நூற்பு நெசவுக் கம்பெனியை நிறுவினார். ஆலை எழுந்த இடமோ பம்பாயன்று. பஞ்சு விளையும் நாட்டின் நடுவிலுள்ள நாக்பூர். பம்பாய்ச் செல்வர்கள் இதனைக் கண்டு நகைத்தனர். விக்டோரியா அரசியார் இந்தியாவின் சக்கரவர்த்தினி என அறிவிக்கப்பெற்ற 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் திறக்கப்பெற்றமையால், அவ்வாலை எம்பிரஸ் மில் எனப் பெயர் பெற்றது. இங்கே டாட்டா முதலிற் சறுக்கினார். தொடக்கத்தில் மலிவான யந்திரங்களை வாங்கிப் போட்டார். நூல் தரக்குறைவாக வந்தது. பங்குகளின் விலையும் இறங்கிற்று. பிழையை உணர்ந்தவுடன் காலந்தாழ்க்காது அந்த யந்திரங்களை மாற்றினார். ரயில்வே உத்தியோகத்திலிருந்த பேஜன்ஜி தாதாபாய் என்பவரை அழைத்து வந்து ஆலை மானேஜராக அமர்த்தினார். பேஜன்ஜிக்கு நூற்புத் தொழிலில் முன்னனுபவம் இல்லை. ஆயினும் ஆட்களை நடத்தும் திறமும் கணக்கில் நுணுக்கமும் மிக உண்டு.

அக்காலத்தில் மியூல் என்னும் யந்திரமே மிகுதியும் வழக்கிலிருந்தது. ரிங் பிரேம் என இன்று நம் ஆலைகளில் யாவரும் அறிந்துள்ள வளையக் கதிர் யந்திரம் அப்பொழுது புதுமையாக இருந்தது. லங்காஷயர் முதலாளிகள் அதனை நம்பவில்லை. டாட்டா அதனை நாக்பூரிற் சோதித்துப் பார்த்து, நூலும் மிகுதியாய் வருகின்றது, பழகுதலும் எளிது எனக் கண்டார். யந்திரம் செய்வதில் புகழ்பெற்ற ஓல்டாம் நகரத்துப் பிளாட் கம்பெனியார் அதனைச் செய்துதர இசையாமையால், புரூக்ஸ் அண்டு டாக்ஸி என்னும் வேறு கம்பெனியாரிடம் செய்வித்துக் கொண்டார். தாய்நாட்டார் ஐயுற்றுத் தள்ளியதை நாக்பூர் ஏற்றுப் பலன் கண்டது. 1886-இல் தொழிலாளருக்கு ஓய்வூதிய நிதியும், 1895-இல் விபத்து ஈட்டுத் தொகையும் அவ்வாலையில் ஏற்பட்டன. சட்டம் இவற்றைக் கட்டாயமாக்குதற்கு எத்துணையோ ஆண்டுகள் முற்பட்டது இது.

இவ்வாறு ஓராலை செழித்து நின்ற காலத்தில், அதே 1886-ஆம் ஆண்டு, பம்பாயை அடுத்த குர்லாவில் தரம்ஸி மில் என்னும் பேராலை விலைக்கு வந்தது. கட்டிய காலத்தில் அப்பகுதியின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது அது. பின்னர்ச் சீர்கெட்டுக் கைமாறி நின்றது. டாட்டா அதனைப் பன்னிரண்டரை லக்ஷம் ரூபாய்க்கு வாங்கினார். அதனை எழுப்புதற்குச் செலவான தொகையோ இதனினும் பன்மடங்கு பெரிது. ஆகவே பெரும் புதையல் கிடைத்ததென்றே கண்டோர் கூறியிருப்பர். காங்கிரஸ் மகாசபையின் முதற் கூட்டம் பம்பாயில் 1885 டிசம்பரில் நடந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம் அது. டாட்டா தம் புதிய கம்பெனிக்கு ஸ்வதேசி மில் எனப் பெயரிட்டார். வங்கத்தில் ஸ்வதேசி இயக்கம் எழுந்த 1905-ஆம் ஆண்டிற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்னதாக அப்பெயர் ஓர் ஆலையின் வாயிலில் ஏறிற்று.

பெயருக்கேற்ற நோக்கமும் இருந்தது. நம் நாட்டு ஆலைகள் அந்நாளில் முரட்டு நூலையே நூற்றன. மெல்லிய துணியெல்லாம் லங்காஷயரினின்று வந்தது. நூலின் நம்பர் என்பது யாதென நம் ஆலைப்பக்கத்து மாணாக்கர் அறிவர், பிறர்க்காகக் கூறுகிறோம். 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடையில் இருபது சிட்டம் நிற்குமாயின் அஃது இருபதாம் நம்பர். நாற்பது நிற்குமாயின் நாற்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏற இழை மெலியும். சீனத்திற்குப் பம்பாயிலிருந்து சென்ற நூல் பெரும்பாலும் இருபதாம் நம்பருக்கு உட்பட்டது. அதற்கு மேற்பட்ட மெல்லிய நூலையும் ஆடையையும் இந்நாட்டிலேயே செய்தல் வேண்டும் என்பதே டாட்டாவின் விருப்பம்.

ஆனால் அவர் வாங்கிய ஆலை மெல்லிய நூலுக்கு எவ்வாற்றானும் தக்கதன்று. யந்திரங்கள் பழையன, தேய்ந்தன. பழைய யந்திரத்தில் நூல் எவ்வாறு கெடும் என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். பஞ்சைப் பிரித்துத் தூசு போக்கும் பொறி சரியில்லையேல் விதைத் துணுக்கும் இலைத் துணுக்கும் உள்ளே தங்கும். கார்டிங் என்னும் சீவும் பொறியின் கம்பிப் பற்கள் மழுங்கினால் நார்கள் சிக்கு நீங்கி நேராக நில்லாமல் முடிச்சு முடிச்சாய் வரும். இழுத்து நீட்டும் உருளைகள் தேய்ந்து கோணினால் இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். கதிர் நடுங்கினால் முறுக்கு ஒரு சீராக இராது. இவ்வளவையும் கடந்து வந்த நூல் பார்வைக்கு நூலாகவே இருக்கும். தறியில் ஏற்றிப் பாவாக இழுக்கும்பொழுதுதான் அற்று அற்று விழுந்து நெசவாளனுடைய வயிற்றில் அடிக்கும். பொதியைப் பிரித்தவுடன் தெரியாத குற்றமாதலால், தெரிந்த பின்பு வாங்கினவனுக்கு உண்டாகும் சினம் இருமடங்காம்.

ஸ்வதேசி நூலுக்கு நேர்ந்ததும் அதுவே. சரக்கு மட்டமென்று கீழ்த்திசை வியாபாரிகள் குறை கூறித் தள்ளினர். பங்குகளின் விலை வெகுவாக இறங்கிற்று. லாபப் பங்கீடு இல்லை. நாக்பூரில் வெற்றி கண்டவர் குர்லாவில் அழுகிய ஆலையை வாங்கி ஏமாந்தார் என்று கடைவீதியிற் பேச்சு எழுந்தது. அப்பேச்சு முற்றிலும் பொய்யன்று என்றே நாமும் கருதுகிறோம். மலிவு என்னும் மயக்கத்தில் அவர் ஒருமுறை நாக்பூரில் விழுந்து எழுந்தவர். பத்து ஆண்டுகள் கழியுமுன் அதே மயக்கத்தில் குர்லாவிலும் விழுந்தார். விலையைப் பார்த்த அளவிற்கு யந்திரத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லுதல் அப்பெரியாருக்கு இழிவாகாது.

இந்நிலையில் அவர்முன் இருந்த வழிகள் பல. யந்திரங்களைப் பழைய இரும்பு விலைக்கும் நிலத்தை நிலத்தின் விலைக்கும் விற்றுப் போட்ட பணத்திற் பெரும்பகுதியை மீட்டிருக்கலாம். அலெக்ஸாண்ட்ராவை விற்றது போல, யாரேனும் ஒருவர் தலையில் ஆலையைக் கட்டியிருக்கலாம். மெல்லிய நூல் என்னும் எண்ணத்தைக் கைவிட்டு, விலைகுறைந்த சரக்கை விலைகுறைந்த சந்தைக்கு அனுப்பிக் கொண்டே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் ஸ்வதேசி என்னும் பெயரைத் தாங்கிய சரக்கு மட்டமென்று துறைமுகந்தோறும் தூற்றப்படுமாயின், இழிவு ஒரு கம்பெனியோடு நில்லாது. இந்நாட்டார் நல்ல சரக்குச் செய்ய வல்லரல்லர் என்னும் பழமொழிக்கு அதுவே சான்றாகிவிடும். இதனை அவர் அறிந்திருந்தார் என்பதை அவருடைய அடுத்த செயல்களே காட்டுகின்றன.

ஆலையைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும். பாங்கியார் கடன் கொடுக்க மறுத்தனர். டாட்டா தம் குடும்பத்தாரின் பிற்கால நலத்திற்காகத் தாமே ஏற்படுத்தியிருந்த தர்மகர்த்த நிதியை மீட்டு அதன்மீது பணம் திரட்டினார். அதுவும் போதாமையால், பொன் முட்டையிட்டுக் கொண்டிருந்த எம்பிரஸ் மில்லின் பங்குகளில் ஒரு பகுதியை விற்றார். நன்றாக ஓடும் ஆலையின் பங்கை விற்று, ஓடாத ஆலையில் இடுதல் கணக்குப் பிள்ளையின் கண்ணுக்குப் பித்தர் செயலாகவே தோன்றும். மனைவி மக்களுக்கென ஒதுக்கிய பொருளை இவ்வாறு பணயமாக வைத்தது தகுமா என்னும் வினாவும் எழும். நாம் அதனைப் புகழவும் மாட்டோம், இகழவும் மாட்டோம். பிறருடைய பணத்தைப் பங்காக வாங்கி முடக்கிய ஒருவர், தம் வீட்டுப் பணத்தை முதலில் எடுத்து வைத்தார் என்பதை மட்டும் குறிக்கின்றோம்.

பணத்தினும் அரியதொன்றும் அவர் அளித்தார். நாக்பூரில் பத்தாண்டு பழகித் தேர்ந்த ஆட்களில் சிறந்தோரைப் பொறுக்கிக் குர்லாவிற்கு வருவித்தார். நல்ல யந்திரத்தைப் பணம் கொடுத்து மூன்று திங்களில் கப்பலேற்றலாம். இழையை விரலால் தொட்டவுடன் எந்தப் பொறியில் பழுது என்று சொல்லவல்ல கண்காணியை எந்தக் கடையில் வாங்குவது? தேய்ந்த யந்திரங்கள் கழிக்கப்பட்டன, புதியன வந்தன. ஆலையின் ஓட்டம் கீழிருந்து மேல்வரை நாக்பூர் முறைக்கு மாற்றப்பட்டது. இஃது ஒரு நாளில் முடிந்ததன்று. பல ஆண்டுகள் பிடித்தது. இவ்விடைக் காலத்தின் அன்றாட வேதனைகளைச் சரித்திரக்காரர்கள் சுருக்கமாகவே கூறிச் செல்கின்றனர்.

ஸ்வதேசி மில்லில் டாட்டா செய்த மற்றொரு மாறுதலைப் பலர் கவனிப்பதில்லை. எமக்கோ அதுவே எல்லாவற்றினும் சிறந்ததாகத் தோன்றுகிறது. பம்பாய் ஆலைகளை நடத்தும் ஏஜெண்டுகள் அந்நாளில் லாபத்தின்மீது கமிஷன் பெறவில்லை. உற்பத்தியாகும் ஒவ்வொரு ராத்தலுக்கும் கால் அணா என்பது வழக்கம். ஆலையில் பத்து லக்ஷம் ராத்தல் நூற்றால், நல்ல நூலாயினும் கெட்ட நூலாயினும், விற்றாலும் விற்காவிட்டாலும், ஏஜெண்டின் கைக்கு 15,625 ரூபாய் வந்துவிடும். பங்குதாரர் பட்டினி கிடப்பினும் அவருக்கு விருந்துதான். இவ்வேற்பாட்டில் எடையைப் பெருக்குவதே அறிவுடைமையாகும். இழையைத் திருத்துவது அறியாமையாகும். டாட்டாவோ ஸ்வதேசி மில்லில் இதனை விடுத்து, நிகர லாபத்தில் நூற்றுக்குப் பத்து என்று வகுத்துக் கொண்டார். அதாவது, சரக்கு திருந்தி விலைபோகும் வரையில் தமக்கு ஒன்றும் இல்லை என்று தம் கையைத் தாமே கட்டிக்கொண்டார். நூலின் தரம் யந்திரத்தால் மட்டும் கெடுவதன்று, கூலி கொடுக்கும் முறையாலும் கெடும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. நத்தத்தில் சட்டை தைத்துப் பல ஊர்க்கும் அனுப்பும் அன்பர்கள், எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்துத் தையல் உறுதியை எதிர்பார்க்கும் சங்கடத்தை நன்கு அறிவார்கள்.

ஆண்டுகள் சில சென்றபின், எந்தக் கீழ்த்திசைச் சந்தையில் தள்ளப்பட்டதோ அதே சந்தையில் ஸ்வதேசி நூல் நன்மதிப்புப் பெற்றது. இதன் அருமையை அறிய அக்கால வாணிபத்தின் ஒரு வழக்கத்தை நினைத்தல் வேண்டும. நூற்பொதியின்மேலும் துணியின்மேலும் சித்திரச் சீட்டு ஒட்டுவர். எழுத்தறியாதாரும் அந்தச் சாப்பைக் கண்டே சரக்கை அறிவர். ஒருமுறை பழிபட்ட சாப்பை மக்கள் எளிதில் மறவார். பெயரை மாற்றிப் புதுச் சாப்பு ஒட்டி அப்பழியினின்று தப்புவாரும் உண்டு. டாட்டா பெயரை மாற்றவில்லை. பெயரின் கீழிருந்த சரக்கையே மாற்றினார்.

சரக்கு திருந்தியதும் வேறொரு தடை எதிர்ப்பட்டது. சீனத்திற்கும் ஜப்பானுக்கும் நூலேற்றிச் செல்லும் கப்பல் கூலி பி. அண்டு ஓ. கம்பெனியாரின் கையில் இருந்தது. 1893-ஆம் ஆண்டு டாட்டா ஜப்பானுக்குச் சென்று, நிப்பான் யூசன் கைஷா என்னும் அந்நாட்டுக் கப்பல் கம்பெனியாருடன் உடன்பாடு செய்து, தாமும் ஆனி பாரோ, லிண்டிஸ்பார்ன் என்னும் கப்பல்களை வாடகைக்குப் பிடித்துப் போட்டிக்கு நின்றார். டன்னுக்குப் பன்னிரண்டு ரூபாய் என இவர்கள் வைக்கவே, பி. அண்டு ஓ. கம்பெனியார் ஒன்றரை ரூபாய்க்கு இறக்கிவிட்டனர். லிண்டிஸ்பார்ன் நூலேற்றத் தகாத கப்பல் என்று வதந்தியும் பரவிற்று. சக வியாபாரிகள் மலிவை நாடிப் பழைய கம்பெனிக்கே திரும்பினர். டாட்டாவின் கப்பல்கள் நின்றன. 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் தொடங்கிய ஸ்வதேசிக் கப்பல் கம்பெனிக்கு நேர்ந்ததை அறிந்த தமிழர்க்கு இக்கதை புதிதாகத் தோன்றாது. எனினும் ஜப்பானியக் கம்பெனி நிலைத்தது. கூலியும் பழைய அளவிற்கு ஏறவில்லை.

அரசாங்கத்தாரும் தம் பங்கைச் செய்தனர். 1894 டிசம்பரில், இருபதாம் நம்பருக்கு மேற்பட்ட இந்திய ஆலை நூலின்மீது நூற்றுக்கு ஐந்து வீதம் உள்நாட்டு வரி விதிக்கப்பட்டது. லங்காஷயர் சரக்கின்மீது இறக்குமதி வரி இருப்பதால் அதற்கு ஈடாம் இது! எந்த மெல்லிய நூலுக்காக டாட்டா குடும்பப் பொருளைப் பணயம் வைத்தாரோ, அந்நூலையே தேடிப் பிடித்ததுபோல் வரி வந்து அமர்ந்தது. 1896-இல் நூலுக்கு விலக்களித்து, ஆலைத் துணியனைத்தின்மீதும் மூன்றரை வீதமாக அதனை மாற்றினர். 1925-ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்படும் வரையில் அவ்வரி நீடித்தது. மெல்லிய நூலுக்கு நீண்ட நார் வேண்டுமென்பதனால், எகிப்தியப் பருத்தியை இந்நாட்டிற் பயிராக்குவது குறித்து டாட்டா 1896-இல் சிறு நூலொன்றும் எழுதி வெளியிட்டார்.

பின்னாளைய வரலாறு யாவரும் அறிந்ததே. மேற்படிப்பிற்கு மாணவரை அயல்நாடு அனுப்பும் நிதியை 1892-இல் நிறுவினார். விஞ்ஞானக் கழகத்திற்குப் பெருஞ்செல்வத்தை ஒதுக்கினார். இரும்பையும் நிலக்கரியையும் தேடி நிபுணரை அனுப்பினார். 1903-இல் தாஜ்மஹால் ஹோட்டல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், அறுபத்து நான்காம் வயதில், ஆமதாபாத்தில் அட்வான்ஸ் மில் என்னும் மற்றோர் ஆலையையும் வாங்கினார். பஞ்சு அவரைக் கடைசி வரையில் விடவில்லை போலும்.

1904-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள், உடல்நலம் நாடிச் சென்றிருந்த ஜெர்மனியில், பாட் நௌஹைம் என்னும் ஊரில் டாட்டா உயிர்நீத்தார். இங்கிலாந்தில் புரூக்வுட் என்னுமிடத்திலுள்ள பார்ஸிகளின் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. விஞ்ஞானக் கழகம் 1909-இல் தோன்றிற்று. இரும்பு ஆலையின் முதல் எஃகு 1912-இல் வார்க்கப்பட்டது. எம்பிரஸ் மில்லும் ஸ்வதேசி மில்லும் நூறாண்டிற்கு மேல் ஓடி, இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனையடுத்தும் பம்பாய், நாக்பூர் ஆலைகள் பலவற்றோடு சேர்ந்து ஓய்ந்தன. நாக்பூர் ஆலை நின்ற நிலத்தில் இப்பொழுது எம்பிரஸ் சிட்டி என்னும் பெரிய கடைத்தொகுதி இருக்கின்றது.